ரமணிக்குக் காட்டிய ஊர்

ஜெகதீஸ்வரி பினாங்குத் தீவுக்கு வந்து முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவளுக்குத் தெரிந்த பினாங்கு மிகவும் சின்னது. சுங்கை பினாங்கில் அவள் குடியிருக்கிற அடுக்குமாடி, விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிற முச்சந்தி, பாயான் லெப்பாசில் அவள் வேலை செய்த தொழிற்சாலை, பக்கத்துப் பாசார், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில். அவ்வளவுதான். சிங்கப்பூரில் வேலை செய்கிற மகள் ஷர்மினி, "ஊர் ஊரா ஆளுங்க இங்க சுத்திப் பாக்க வராங்க, உனக்கு ஒரு இடமும் தெரியலியேம்மா" என்று கேலி செய்வாள்.

சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் ஜெகதீஸ்வரி. பத்தொன்பது வயதில் தொழிற்சாலை ஹாஸ்டலுக்கு வந்தாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, நகத்தின் ஓரத்தளவுகூட இல்லாத சில்லுகளில் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. இருபத்தெட்டு வருஷம் அதையே பார்த்தாள். கண் மங்கியதும் வேலையை விட்டாள்.

அவளுக்கு இருபத்தொரு வயதில் ராமதாஸைக் கட்டி வைத்தார்கள். அவர் போஸ்மேன். ஜார்ஜ் டவுனின் சந்துபொந்தெல்லாம் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகிறவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார், அரிசி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு மாடியேறுவார். குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அவர் அவளை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. கல்யாணமான புதிதில் அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"ஞாயித்துக்கெழம எங்கயாச்சும் போலாமாங்க?"

"இந்த ஊர்ல பாக்கறதுக்கு என்னா இருக்கு?" என்பார் அவர். "நான் ஆறு நாளும் இதத்தானே சுத்தறேன்."

நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டாள். வாரம் முழுக்க வெயிலிலும் மழையிலும் அலைகிற மனுஷனுக்கு ஒரு நாளாவது கால் நீட்ட வேண்டாமா? குழந்தை பிறந்த பிறகு ஒரு தடவை எஸ்பிளனேட் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பத்து நிமிஷம் உட்கார்ந்தார்கள். "போலாமா?" என்று எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போது ராமதாஸ் கடிதங்களை மாற்றிப் போட ஆரம்பித்தார். பிறகு ஒருநாள் மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றவரை, கூட வேலை செய்த இப்ராஹிம் வீட்டில் கொண்டுவந்து விட்டார். மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். இந்த வயதுக்கு வேகமாக வந்திருக்கிறது, இனி ஞாபகம் பின்னால்தான் போகும் என்றார்.

அவர் வேலையை விட்ட பிறகுதான் நடக்க ஆரம்பித்தார். முதலில் ஜெகதீஸ்வரி கதவைப் பூட்டினாள். அவர் கிரில்லைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "டியூட்டிக்கு லேட்டாவுது லா, திற" என்று கத்துவார். அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். ஒரு வாரத்துக்கு மேல் அவளால் பூட்டி வைக்க முடியவில்லை. கதவைத் திறந்துவிட்டு, கைப்பையில் தண்ணீர் போத்தலையும் அவருடைய மாத்திரையையும் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

முதல் நாள் அவர் அடுக்குமாடிக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றோரமாகவே நடந்து, அது கடலில் சேருகிற இடத்துக்குப் போனார். மீன்பிடிப் படகுகள் கட்டியிருந்தன. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகின் மேல் உட்கார்ந்துகொண்டார். எதிரே கடல், அந்தப் பக்கம் பட்டர்வொர்த், வலப்பக்கம் நீளமாகப் பாலம். ஜெகதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் வீட்டிலிருந்து பொடிநடையாய் வருகிற தூரம்தான். முப்பது வருஷமாய் இப்படி ஒரு இடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அப்புறம் தினமும் ஒரு இடம். பஸ் நம்பர் மட்டும் அவருக்கு மறக்கவேயில்லை. நார்தம் ரோட்டில் வெள்ளைக்காரர்களின் பழைய சமாதித் தோட்டம், கல்லறைகளுக்கு மேல் கெம்போஜா மரங்கள் வெள்ளைப் பூவாய்க் கொட்டியிருந்தன. தண்ணீர்மலைக் கோயிலுக்கு எல்லாரும் போகிற வழியை விட்டு ஒதுங்கி ஒரு ஒற்றையடிப் பாதை, அது முடிகிற இடத்தில் பாறைக்கு நடுவே இடுப்பளவு தண்ணீர். கெராமாட் சாலைக் கடைவீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து, அங்கே சுருள் சுருளாய் இரும்புப் படிகள், ஜன்னல்களில் காய்கிற துணிகள். அந்தச் சந்தில் ஒரு பின்கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்து, "ரெண்டு கோப்பி" என்றார். அது இப்போது கைப்பேசி பழுது பார்க்கிற கடை. அங்கிருந்த மலாய்ப் பெண் நிலைமையைப் புரிந்துகொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கப்பில் மைலோ கலந்து கொடுத்தாள்.

நோயாளியின் பின்னால் அலைகிறோம் என்பதே ஜெகதீஸ்வரிக்கு மறந்துபோன நாட்கள் உண்டு. என்னதான் ஆனாலும், கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். மகளிடம் தொலைபேசியில், "அப்பா என்னய எங்கெல்லாம் கூட்டிட்டுப் போறாரு தெரியுமா?" என்று பெருமையாகச் சொன்னாள்.

அந்தச் சமாதித் தோட்டத்துக்கு இரண்டாம் தடவை போனபோதுதான் அது நடந்தது. ராமதாஸ் குனிந்து, நசுங்காத பூவாய்ப் பார்த்து ஒன்றை எடுத்தார். சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"இந்தா ரமணி. தலையில வச்சிட்டுப் போகாத, வீட்டுல கேப்பாங்க."

ஜெகதீஸ்வரி பூவை வாங்கவில்லை. "நான் யாருங்க?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "ஏன், உன் பேரு உனக்கே மறந்துபோச்சா?"

அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததேயில்லை. மகள் பிறந்த அன்றுகூட இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு இப்படி ஒரு முகம் இருந்திருக்கிறது.

மறுநாள் இப்ராஹிமைத் தேடிப்போனாள். அவரும் ஓய்வு பெற்று, மருமகனின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ரமணி யாருண்ணே?"

இப்ராஹிம் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"பழைய கத தங்கச்சி. உங்க கல்யாணத்துக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடி. டோபி காட் பக்கம் வீடு. லெட்டர் போடப் போன எடத்துல பழக்கம். ரெண்டு வருஷம்."

"எங்கெல்லாம் போவாங்க?"

"அவங்க வீட்டுல ஆளுங்க ரொம்ப மோசம். பாசார், கோயில், சினிமா எங்கயும் போக முடியாது, யாராச்சும் சொந்தக்காரங்க பாத்துருவாங்க. நம்ம ஆளுங்க காலு வைக்காத எடமாத் தேடித் தேடிப் போவாங்க. அது எதெதுன்னு போஸ்மேனுக்குத்தானே தெரியும்." அவர் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "கடைசியில தெரிஞ்சுபோச்சு. அந்தப் புள்ளயோட அண்ணன்காரன் ஆபீஸ் வாசல்லயே வச்சு இவன அடிச்சான். புள்ளய ராத்திரியோட ராத்திரியா அக்கரைக்குக் கொண்டுபோயிட்டாங்க. புக்கிட் மெர்தாஜாம்ல கட்டிக் கொடுத்தாங்க. இவன் அதோட ஒரு வார்த்த பேசல. விட்டுருங்க தங்கச்சி, கல்யாணத்துக்கு முன்னாடி உள்ளது."

"அந்தப் பொண்ணு அவர எப்படிக் கூப்பிடும்?"

"தாஸ்னு கூப்பிடும்."

வீட்டுக்கு வந்த ஜெகதீஸ்வரி சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள் என்பதை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அது யார் வாழ்க்கையில் இல்லை? ஆனால் இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்ட ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு இத்தனை இடமும் தெரிந்திருந்தது. கால் வலிக்குமே என்று பாவப்பட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். அவரோ அந்த இடங்களை இன்னொருத்திக்காகப் பத்திரமாக வைத்திருந்தார். ஆற்று முகத்தைக்கூடக் காட்டவில்லை. நடந்து போகிற தூரம்.

இரண்டு நாள் அவர் நடக்கிறபோது அவள் பத்தடி தள்ளியே போனாள். அவர் அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்து, "ரமணி, ஏன் கோவம்?" என்று கேட்டார். மூன்றாம் நாள் ரோட்டைக் கடக்கும்போது லாரி வருவதைக் கவனிக்காமல் அவளுக்காக நடுவிலேயே நின்றுவிட்டார். அவள் ஓடினாள். அவள் வாயிலிருந்து, "தாஸ்!" என்று வந்தது. புருஷன் பெயரை அவள் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் மலர்ந்து, வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தும் விடவில்லை.

அன்றைக்கு முதல் அவள் ரமணியாக இருந்தாள்.

இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. அது பிடித்திருந்ததே, அதுதான் வெட்கம். ஐம்பத்து மூன்று வயதில் வெளியே கிளம்புமுன் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டாள். அவர் வழியெல்லாம் பேசினார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தச் சீனத்துக் கிழவர் கடிதம் வராவிட்டாலும் தினம் வாசலில் நிற்பார், எந்தச் சந்தில் மழைக்கு ஒதுங்கலாம். ஜெகதீஸ்வரியிடம் முப்பது வருஷமாய்ப் பேசாத பேச்சு. அவள் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வீடு திரும்பி அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டும்போது மட்டும் அவர் அவளை யாரோ ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரிப் பார்த்து, "தேங்க்யூ" என்பார். வெளியே போனால்தான் ரமணி.

ஒருநாள் படகின் மேல் உட்கார்ந்திருக்கும்போது, மனசு கேட்காமல் அவள் கேட்டுவிட்டாள்.

"தாஸ், ஜெகதீஸ்வரின்னு யாரயாச்சும் தெரியுமா?"

அவர் நேர்மையாக யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு தெருவாகத் தேடுகிறவர் மாதிரி நேரம் எடுத்துக்கொண்டார்.

"இல்லியே. யாரு, உன் கூட்டாளியா?"

"ஆமா," என்றாள் அவள். "என் கூட்டாளி."

"எந்த ரோட்டுல இருக்கு?"

அவள் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அவர் பேச்சு ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொண்டது. "அன்னிக்கு ஏன் வரல ரமணி? இங்கதானே வரச் சொன்னேன். இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தேன்." கேட்டுவிட்டு அழுவார். அவள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். காய்ச்சல் என்றாள், மழை என்றாள். எதுவும் அவருக்குப் போதவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் அக்கரையில் இருந்தது.

இப்ராஹிமிடம் விலாசம் வாங்கினாள். ஒருநாள் பொழுதுக்கு ராமதாஸை அவர் கடையில் உட்காரவைத்துவிட்டு, ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் போனாள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சின்னத் தையல் கடை. கண்ணாடி போட்ட, நரைத்த, ஒடிசலான ஒரு அம்மாள் மெஷினில் உட்கார்ந்திருந்தார். போகிற வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஜெகதீஸ்வரி யோசித்து வைத்திருந்தாள். அந்த அம்மாளைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. கையில் இருந்த ரவிக்கைத் துணியை நீட்டினாள்.

ரமணி எழுந்து அளவெடுத்தார். தோள், கை, மார்பு. டேப் முதுகைச் சுற்றி வரும்போது ஜெகதீஸ்வரி சொன்னாள்.

"நான் ராமதாஸ் சம்சாரம்."

டேப் அப்படியே நின்றது.

"எந்த ராமதாஸ்?" என்று கேட்டார் ரமணி. குரலிலேயே தெரிந்தது, அவருக்குத் தெரியும்.

"போஸ்மேன்."

ரமணி நாற்காலியில் உட்கார்ந்தார். "இருக்காரா?"

ஜெகதீஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். மறதியை, நடையை, பூவை, தான் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதை. ரமணி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அன்னிக்கு ஏன் வரலன்னு கேட்டு அழுவறாரு. என்னால பதில் சொல்ல முடியல. நீங்க ஒரே ஒரு தடவ வந்து சொல்லிடுங்களேன்" என்றாள்.

"என்னய ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க," என்றார் ரமணி. "நாலு நாள். அஞ்சாம் நாள் ராத்திரி கார்ல ஏத்தி ஃபெர்ரியில கொண்டாந்துட்டாங்க. எங்கண்ணன் கார விட்டு எறங்க விடல." கைவிரல்களைப் பார்த்துக்கொண்டார். "அவருக்கு அது தெரியும்னு நெனச்சேன். இத்தன வருஷமும் தெரியும்னே நெனச்சிட்டு இருந்தேன்."

"வரீங்களா?"

"எனக்குப் பேரப்புள்ளைங்க இருக்கும்மா," என்றார் ரமணி. "வேணாம்."

ஆனால் மூன்றாவது வாரம் ரமணியே தொலைபேசியில் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்று முகத்துக்கு வந்தார். இஸ்திரி கலையாத பச்சைப் புடவை, கையில் ஒரு பார்சல். தைத்து முடித்த ரவிக்கையாம். ராமதாஸ் படகின் மேல் ஜெகதீஸ்வரியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ரமணி நேராக அவர் முன்னால் வந்து நின்றார். "தாஸ்" என்று சொல்லப் பார்த்தார், சத்தம் வரவில்லை.

ராமதாஸ் அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார், வேலை நேரத்து மரியாதையோடு.

"என்னாக்கா, வழி தெரியலியா? எந்த வீடு தேடறீங்க? நம்பர் சொல்லுங்க, நான் சொல்றேன்."

ரமணிக்கு என்ன தோன்றியதோ. "டோபி காட்," என்றார். "முப்பத்தேழு."

"முப்பத்தேழா?" ராமதாஸ் சிரித்தபடி ஜெகதீஸ்வரி பக்கம் திரும்பினார். "ரமணி, ஒன் வீட்டத்தான் தேடறாங்க!"

ரமணி கையிலிருந்த பார்சல் மண்ணில் விழுந்தது. ஜெகதீஸ்வரி எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டாள், இல்லாவிட்டால் அவரும் விழுந்திருப்பார்.

"அவங்கள ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க," என்றார் ரமணி அவரைப் பார்த்து, உடைந்த குரலில். "அதான் வரல. வேற ஒன்னும் இல்ல. அதான் வரல."

"யாரயக்கா?" என்று கேட்டார் ராமதாஸ். அந்த அம்மாள் அழுவது அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஜெகதீஸ்வரியின் காதருகே குனிந்து, "பாவம், யாரோ தெரியல. வா ரமணி, நாம போலாம்" என்றார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் ரமணியோடு போக ஜெகதீஸ்வரிக்கு வழியில்லை. கையை ராமதாஸ் விடவில்லை. போகிற ரமணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாவற்றையும் இந்த அம்மாள் எடுத்துக்கொண்டாள் என்று எத்தனை நாள் வயிறு எரிந்திருக்கிறாள். அந்த அம்மாள் தலை குனிந்து நடந்து போவதைப் பார்த்தபோது, எடுத்துக்கொண்டுபோக அவர் கையிலும் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு ராமதாஸ் அதிகம் நடக்கவில்லை. மழைக்காலத்தில் கால் தளர்ந்தது. விழுங்க மறந்தார். சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பேச்சில் ஒரே ஒரு சொல் பாக்கியிருந்தது. நர்ஸுகள் அதைக் கேட்டுக் கேட்டு ஜெகதீஸ்வரியை, "ரமணி அக்கா" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரி ஃபாரத்தில் மனைவி பெயரை நிரப்ப வந்த பெண் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "ரமணி வீட்டுல கூப்பிடற பேராக்கா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் ஜெகதீஸ்வரி. ஷர்மினி சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அப்பா யாரைக் கூப்பிடுகிறார் என்று அவளும் கேட்டாள். அவளிடமும் அம்மா எதுவும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம், கஞ்சித் தட்டை எடுத்துப்போக ஆள் வந்திருந்த நேரத்தில் அவர் போய்விட்டார். கை அவள் கைக்குள் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. எரியூட்டிவிட்டு வந்த பிறகும் வரவில்லை. கருமாதியில் வந்தவர்கள், தைரியமான பொம்பள என்று பேசிக்கொண்டார்கள்.

பதினேழாம் நாள் ரமணி தொலைபேசியில் கூப்பிட்டார். இப்ராஹிம் சொல்லித் தெரிந்ததாம். பிறகு ரமணி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கடைசியில... யாரயாச்சும் கேட்டாராம்மா?"

ஜெகதீஸ்வரி ஜன்னலோரம் நின்றிருந்தாள். உள்ளதைச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். அதைக் கேட்டால் அந்த அம்மாள் மிச்ச காலத்தைத் தள்ளிவிடுவார். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"என்னயத்தான் கூப்பிட்டாரு," என்றாள்.

ரமணி, "நல்லதும்மா. நல்லது. அதுதான் சரி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

ஜெகதீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சொன்னது பொய் என்றும் தோன்றவில்லை, மெய் என்றும் தோன்றவில்லை. முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்த ஷர்மினி பதறிப்போய் ஓடிவந்து, "என்னாம்மா? யாரு ஃபோன்ல?" என்று கேட்டாள்.

"ரமணி," என்றாள் ஜெகதீஸ்வரி. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மகள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.